மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம்

மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம் என்பது இந்தியாவின் லடாக் ஒன்றியப் பகுதியில், லே நகருக்குத் தெற்கே பாயும் மார்க்கா ஆற்றின் கரையோரமாக மேற்கொள்ளப்படும் ஓர் உயர்மலை நடைப்பயணம் ஆகும். பயணிகள் கூடாரங்களிலோ வழியிலுள்ள சிற்றூர்களின் வீடுகளிலோ தங்கி, ஐந்து முதல் எட்டு நாட்கள் வரை நடக்கின்றனர். இறுதியில் ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரமுள்ள கொங்மாரு லா என்னும் கணவாயைக் கடந்து, ஹெமிஸ் மடாலயத்தின் அருகே சிந்து ஆற்றுப் பள்ளத்தாக்கை மீண்டும் அடைகின்றனர்.

பெரும்பாலான பயணத் திட்டங்களில், நடைப்பயணத்திற்கு முன்னர் லே நகரின் அரண்மனையையும் சுற்றுவட்டாரத்துப் பௌத்த மடாலயங்களையும் காண்பதற்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் ஒதுக்கப்படுகின்றன. இந்நாட்கள் பொழுதுபோக்கிற்காக மட்டும் சேர்க்கப்பட்டவை அல்ல. தாழ்நிலத்திலிருந்து வருபவரின் உடல், குறைந்த காற்றழுத்தத்திற்குப் பழகுவதற்குத் தேவையான காலமும் இதுவே. விடுமுறை போதவில்லை என்று இந்நாட்களைக் குறைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

புவியியல்

மார்க்கா ஆறு, காங் யாட்சே மலைத்தொகுதியின் பனியாறுகளில் இருந்து நீரைப் பெற்று, வடமேற்குத் திசையில் பாய்ந்து சன்ஸ்கார் ஆற்றுடன் கலக்கின்றது. சன்ஸ்கார் ஆறு பின்னர் சிந்து ஆற்றுடன் சேர்கின்றது. பள்ளத்தாக்கின் மேல் முனையில் எழுந்து நிற்கும் காங் யாட்சே சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 6,400 மீட்டர் ஆகும். பள்ளத்தாக்கு முழுவதும் ஹெமிஸ் தேசியப் பூங்காவினுள் அடங்குகின்றது. 1981ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பூங்கா, பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா ஆகும். பனிச்சிறுத்தை, ஓநாய், நீலச் செம்மறி எனப்படும் பாரல் ஆகியவை இங்கு வாழ்கின்றன.

இமயமலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் லடாக் ஒரு குளிர்ப் பாலைநிலமாகக் காணப்படுகின்றது. லே நகரின் ஆண்டு மழைப்பொழிவு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மட்டுமே. கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் நிலம் இதனைப் போலப் பல மடங்கு மழை பெற்றும் வானம் பார்த்த பூமியாகவே அறியப்படுகின்றது. லடாக்கில் மழையை நம்பிப் பயிரிடுதல் இயலாது. மலையில் உருகும் பனியின் நீரை வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்து, வாற்கோதுமை, பட்டாணி, கோதுமை முதலியவற்றைப் பயிரிடுகின்றனர். மலையின் பழுப்பு நிறத்திற்கு நடுவே பசுந்திட்டுகளாகத் தெரியும் ஒவ்வோர் ஊரும் இத்தகைய ஒரு வாய்க்காலின் முடிவில் அமைந்ததாகும்.

நீரை முறைவைத்துப் பங்கிடும் பொறுப்பு, ஊரால் அமர்த்தப்படும் சுர்போன் என்பவரைச் சார்ந்தது. தென்தமிழகக் கண்மாய்ப் பாசனத்தில் மடை திறந்து வயல்களுக்கு நீர் விடும் நீர்ப்பாய்ச்சியின் பணியோடு இதனை ஒப்பிடலாம்.

வரலாறு

'லா' என்பது திபெத்திய மொழியில் கணவாயைக் குறிக்கும் சொல். லடாக் என்னும் பெயர் 'கணவாய்களின் நாடு' எனப் பொருள்படும். காஷ்மீர், திபெத்து, நடு ஆசியாவின் யார்க்கந்து ஆகியவற்றுக்கு இடையிலான வணிக வழிகள் சந்திக்கும் இடமாக லே நகரம் விளங்கியது. நம்கியால் அரச மரபினர் இங்கு ஆட்சி செய்தனர். இம்மரபின் புகழ்பெற்ற அரசரான செங்கே நம்கியால் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டார். 1834ஆம் ஆண்டில் தொடங்கிய டோக்ரா படையெடுப்பினால் லடாக் தன் தன்னாட்சியை இழந்து, பின்னர் சம்மு காஷ்மீர் அரசின் பகுதியாயிற்று.

1974ஆம் ஆண்டில் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னரே மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணிகளிடையே அறிமுகமானது. நெடுங்காலம் இங்கு வந்தோரில் பெரும்பாலோர் வெளிநாட்டினரே. 2009ஆம் ஆண்டில் வெளியான '3 இடியட்ஸ்' இந்தித் திரைப்படத்தின் இறுதிக் காட்சிகள் லடாக்கின் பாங்கோங் ஏரியில் எடுக்கப்பட்டிருந்தன. அதன் பின் இந்தியப் பயணிகளின் வருகை வெகுவாக உயர்ந்தது. 2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி ஒன்றியப் பகுதியாக உள்ளது.

உயரமும் உடலும்

காற்றழுத்தம்

வளிமண்டலத்தில் ஆக்சிசனின் விகிதம் எந்த உயரத்திலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். மலை மேல் ஆக்சிசனின் விகிதம் குறைகின்றது என்பது பொதுவாகக் காணப்படும் தவறான கருத்து. உண்மையில் குறைவது காற்றின் மொத்த அழுத்தம். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் ஆக்சிசன் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைகின்றது. கடல் மட்டத்து அழுத்தத்தை 100 எனக் கொண்டால், பயணத்தின் முக்கிய இடங்களில் அது தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

* லே (3,500 மீட்டர்): 65
* நிமாலிங் (4,700 மீட்டர்): 56
* கொங்மாரு லா (5,200 மீட்டர்): 52

அதாவது, கணவாயின் உச்சியில் நிற்பவருக்கு ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிசன், விளாத்திகுளத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி மட்டுமே. இதே காரணத்தால் நீரின் கொதிநிலையும் குறைகின்றது. லே நகரில் நீர் ஏறத்தாழ 88 பாகை செல்சியசிலும், நிமாலிங்கில் ஏறத்தாழ 84 பாகையிலும் கொதித்துவிடும். எனவே திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் எளிதில் வேகா. சமையற்குழுவினர் பிரஷர் குக்கரைச் சுமந்து செல்வது இதனாலேயே.

உடல் பழகும் விதம்

குருதியில் ஆக்சிசன் குறைவதைக் கழுத்துத் தமனியின் அருகிலுள்ள உணர்வு உறுப்புகள் உடனே அறிந்து, மூச்சின் வேகத்தைக் கூட்டுகின்றன. மூச்சு வேகமாகும்போது கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால் குருதி காரத்தன்மை அடைகின்றது. குருதி காரமானால், மூச்சைக் குறைக்கும்படி மூளை கட்டளையிடுகின்றது. இவ்வாறு ஒரு கட்டளை கூட்டச் சொல்ல, மற்றொன்று குறைக்கச் சொல்கின்றது. முதல் இரவுகளில் தூக்கத்தின் நடுவே மூச்சு சில வினாடிகள் நின்று மீண்டும் வேகமாகத் தொடங்குவதற்கு இந்த முரண்பாடே காரணம்.

இச்சிக்கலைத் தீர்ப்பவை சிறுநீரகங்கள். அவை பைகார்பனேட்டைச் சிறுநீருடன் வெளியேற்றிக் குருதியின் காரத்தன்மையைச் சமன் செய்கின்றன. இதற்கு இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகும். சிவப்பணுக்களின் எண்ணிக்கை உயர்வதற்கோ வாரக்கணக்கில் காலம் தேவை. இளமை, உடல் வலிமை, ஓட்டப் பயிற்சி ஆகிய எவையும் சிறுநீரகத்தின் இவ்வேலையை விரைவுபடுத்துவதில்லை. உடற்பயிற்சி மிக்க இளைஞர் வேகமாக ஏறி நோயுறுவதும், மெதுவாகச் செல்லும் முதியவர் நலமுடன் திரும்புவதும் இதனால் நிகழ்கின்றன.

உயர்மலை நோய்

பழகுவதற்கு முன்னரே மேலும் ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை ஆகியவை தோன்றும். இது கடும் மலைநோய் எனப்படும். இந்நிலையில் ஏறுவதை நிறுத்தி ஓய்வு கொண்டால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் குணமாகும். பொருட்படுத்தாமல் ஏறுவோருக்கு இரண்டு கொடிய நிலைகள் ஏற்படக்கூடும்.

* நுரையீரல் நீர்க்கோவை: ஓய்வாக இருக்கும்போதும் மூச்சிரைப்பு, வறட்டு இருமல், பின்னர் நுரையுடன் கூடிய இளஞ்சிவப்புச் சளி.
* மூளை வீக்கம்: தடுமாற்றம், குழப்பம், நினைவு மங்கல். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க இயலாமை இதன் எளிய அடையாளம்.

இவ்விரண்டும் சில மணி நேரங்களில் உயிரைப் பறிக்கக்கூடியவை. உடனடியாகக் கீழிறங்குவதே முதன்மையான மருத்துவம். ஆக்சிசனும் மருந்துகளும் அதற்குத் துணை மட்டுமே.

உயர்மலை நோய் பற்றிய மருத்துவ அறிவில் இந்திய அனுபவத்திற்குச் சிறப்பான இடம் உண்டு. 1962ஆம் ஆண்டின் இந்திய சீனப் போர்க் காலத்தில் சமவெளிகளிலிருந்து படைவீரர்கள் விரைந்து இமயமலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். இந்தர் சிங் தலைமையிலான இந்திய மருத்துவர்கள் 1,925 வீரர்களிடம் கண்டவற்றைத் தொகுத்து 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மேலும் ஏறாமல் தங்க வேண்டும் என்பதும் மருத்துவர்கள் பொதுவாக வழங்கும் விதிகள். இங்குக் கணக்கில் கொள்ளப்படுவது பகலில் தொடும் உயரம் அன்று, இரவில் உறங்கும் உயரமே. அசிட்டசோலமைடு என்னும் மருந்து பைகார்பனேட்டு வெளியேறுவதை விரைவுபடுத்துவதன் மூலம் உடல் பழகுவதற்கு உதவுகின்றது. சல்பா வகை மருந்து ஒவ்வாதவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவரின் அறிவுரையின்றி இதனை உட்கொள்ளலாகாது.

லே நகரை அடையும் வழிகள்

* வான்வழி: தில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்திற்குள் லே நகரை அடையலாம். உடல் சிறிதும் பழகாத நிலையில் இறங்குவதால், முதல் 48 மணி நேரம் ஓய்வில் கழிப்பது இன்றியமையாதது.
* சிறீநகர் சாலை: சிறீநகர் (ஏறத்தாழ 1,600 மீட்டர்), கார்கில் (ஏறத்தாழ 2,700 மீட்டர்), லே என இரவுத் தங்கல்கள் படிப்படியாக உயர்வதால் உடலுக்கு ஏற்ற வழி இதுவே.
* மணாலி சாலை: 2020ஆம் ஆண்டில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால் தூரம் குறைந்துள்ளது. எனினும் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்திலுள்ள சர்ச்சுவில் இரவு தங்குவோர் பலர் மலைநோய்க்கு ஆளாகின்றனர். 4,000 மீட்டருக்குக் கீழுள்ள இடங்களில் இரவுகளைக் கழித்துச் செல்வது நன்று.

சிறீநகர் சாலையில் செல்வோர் முல்பேக் என்னும் ஊரில் செங்குத்தான பாறையில் செதுக்கப்பட்ட மைத்ரேயர் உருவத்தைக் காணலாம். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலையில் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதியதாகத் தோன்றாது. இதே சாலையில், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் லாமாயுரு மடாலயம் அமைந்துள்ளது.

லேயும் சிந்து ஆற்றங்கரை மடாலயங்களும்

முதல் நாள் முழுமையாக ஓய்வெடுத்த பின்னர், காணவேண்டிய இடங்களை உயரத்திற்கும் உழைப்பிற்கும் ஏற்ப வரிசைப்படுத்துவது வழக்கம். சமதளத்தில் உள்ளவை முதலிலும், படிகள் மிகுந்தவை பின்னரும் வருகின்றன.

* லே அரண்மனை: 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்பது அடுக்குக் கட்டடம். கல், மண், மரம் ஆகியவற்றால் ஆனது. நகரின் பழைய தெருக்கள் வழியே மெதுவாக ஏறி அடையலாம்.
* சாந்தி தூபி: சப்பானியப் பௌத்தத் துறவி ஒருவரின் முயற்சியால் கட்டப்பட்டு 1991ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. இங்கு ஏறும் நீண்ட படிக்கட்டை இரண்டாம் அல்லது மூன்றாம் நாளுக்கு ஒத்திவைத்தல் நன்று.
* ஷே: லடாக் அரசர்களின் பழைய கோடைக்காலத் தலைநகர். இங்குள்ள அரண்மனை வளாகத்தில், பொன் முலாம் பூசிய செம்பாலான 12 மீட்டர் உயரப் புத்தர் சிலை உள்ளது.
* திக்சே: லே நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், ஒரு குன்றின் சரிவு முழுவதும் பன்னிரண்டு அடுக்குகளாகப் பரவியுள்ள கெலுக் பிரிவு மடாலயம். 15 மீட்டர் உயரமுள்ள மைத்ரேயர் சிலை இரண்டு தளங்களை நிரப்பி நிற்கின்றது. இங்கு நடைபெறும் காலை வழிபாட்டைப் பயணிகளும் ஓரமாக அமர்ந்து காணலாம்.
* ஆல்ச்சி: லே நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள கோயில்களின் சுவரோவியங்கள் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. காஷ்மீர்ப் பாணியின் செல்வாக்கு அவற்றில் தெளிவாகத் தெரிகின்றது. காஷ்மீரில் அக்காலத்து ஓவியங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால் ஆல்ச்சியின் ஓவியங்கள் தனிச் சிறப்புப் பெறுகின்றன. லே நகரைவிடத் தாழ்வான இடமாதலால், உயரம் ஒவ்வாதோருக்கு இங்கு ஓர் இரவு தங்குவது ஆறுதல் அளிக்கும்.
* ஹெமிஸ்: செங்கே நம்கியாலின் ஆதரவுடன் 17ஆம் நூற்றாண்டில் வளர்ச்சியுற்ற துருக்பா பிரிவு மடாலயம். பத்மசம்பவரைப் போற்றும் ஆண்டு விழாவில் துறவிகள் முகமூடி அணிந்து சாம் என்னும் நடனம் ஆடுகின்றனர். திபெத்திய நாட்காட்டியைப் பின்பற்றுவதால் இவ்விழா சூன் அல்லது சூலை மாதத்தில் வருகின்றது. நடைப்பயணம் ஹெமிசின் அருகில் முடிவதால், விழா நாளில் வந்துசேருமாறு திட்டமிடுவோரும் உண்டு.

நடைப்பயணப் பாதை

ஏற்ற காலம் சூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை ஆகும். தொடங்கும் இடத்தைப் பொறுத்து நடக்கும் தூரம் 60 முதல் 80 கிலோமீட்டர் வரை அமையும். உயர அளவுகள் நிலப்படங்களுக்கிடையே சிறிது வேறுபடுவதால் கீழே தோராயமான அளவுகள் தரப்பட்டுள்ளன.

* 1 முதல் 3ஆம் நாள் வரை: லேயும் சுற்றுப்புறமும். இரவு லேயில் (3,500 மீட்டர்).
* 4ஆம் நாள்: வாகனத்தில் சில்லிங் வரை, பின் நடந்து ஸ்கியு (3,400 மீட்டர்).
* 5ஆம் நாள்: மார்க்கா ஊர் (3,700 மீட்டர்).
* 6ஆம் நாள்: ஹங்கர் வழியாகத் தச்சுங்சே (4,200 மீட்டர்).
* 7ஆம் நாள்: நிமாலிங் (4,700 மீட்டர்).
* 8ஆம் நாள்: கொங்மாரு லா (5,200 மீட்டர்) கடந்து ஷாங் சும்தோ (3,700 மீட்டர்), அங்கிருந்து வாகனத்தில் ஹெமிஸ் அல்லது லே.

இவ்வட்டவணையில் உறங்கும் உயரம் ஒருநாளும் 500 மீட்டருக்கு மேல் கூடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பள்ளத்தாக்கின் சாய்வே மருத்துவ விதிக்கு இசைந்து அமைந்துள்ளது. ஆனால் இக்கணக்கு லேயில் கழித்த மூன்று இரவுகளையும் உள்ளடக்கியது. அவற்றை நீக்கினால் எஞ்சிய நாட்களின் கணக்கு பொருளற்றதாகிவிடும். ஜிங்சென் என்னும் இடத்தில் தொடங்கும் பழைய பாதை, தொடக்க நாட்களிலேயே ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள கண்டா லா கணவாயைக் கடப்பதால், அதற்கு லேயில் கூடுதல் நாட்கள் தேவை.

நிமாலிங் என்பது ஊரன்று, மேய்ச்சல் நிலம். கோடையில் பள்ளத்தாக்கின் மக்கள் ஆடுகளையும் யாக்குகளையும் இங்கு ஓட்டி வந்து தங்குகின்றனர். கோடையிலும் இரவு வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கக்கூடும். இங்கு ஒருவர் கடுமையாக நோயுற்றால் முடிவெடுப்பதில் தவறு நேர்வது எளிது. சாலைக்குச் செல்லும் குறுகிய வழி கணவாயின் மேலாகச் செல்கின்றது. ஆனால் அவ்வழியில் முதலில் மேலும் 500 மீட்டர் ஏற வேண்டும். நோயுற்றவரை வந்த வழியே ஹங்கர் நோக்கிக் கீழிறக்குவதே சரியானது. தூரம் அதிகமாயினும் ஒவ்வோர் அடியும் காற்றழுத்தம் கூடும் திசையிலேயே அமையும்.

வழியில் காணப்படும் பண்பாடு

மடாலயங்களில் கண்டவற்றின் தொடர்ச்சியை நடைப்பாதையிலும் காணலாம். நடைப்பயணம் தொடங்கும் சில்லிங், உலோகக் கைவினைக்குப் பெயர்பெற்ற ஊர். ஷே நகரின் பெரிய புத்தர் சிலையைச் செய்வதற்காக நேபாளத்திலிருந்து அழைத்து வரப்பட்ட கொல்லர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது இவ்வூர்க் கைவினைஞர்களின் மரபுவழிச் செய்தி. செம்பிலும் பித்தளையிலும் செய்யப்படும் தேநீர்க் கெண்டிகளும் அகப்பைகளும் இங்கு உருவாகின்றன. ஷே சிலையை முன்னரே கண்டு வருபவருக்கு இவ்வூரின் பட்டறைகள் வேறு பொருள் தரும்.

பாதையோரங்களில் சோர்த்தன் எனப்படும் வெள்ளைத் தூபிகளும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்களும் காணப்படுகின்றன. இவற்றைத் தம் வலப்புறம் இருக்குமாறு, அதாவது கோயிலை வலம் வருவது போன்றே சுற்றிச் செல்லவேண்டும் என்பது மரபு. மணிக் கற்களை எடுத்து வருதல் பெரும் அவமதிப்பாகக் கருதப்படுகின்றது. மார்க்கா ஊரின் மேலே பழைய கோட்டை ஒன்றின் இடிபாடும், அதற்கப்பால் செங்குத்துப் பாறையின் மேல் தெச்சா என்னும் சிறு மடாலயமும் உள்ளன. கணவாயின் உச்சியில் வழிபாட்டுக் கொடிகள் கட்டப்பட்டிருக்கும்.

வீட்டுத் தங்கல்

இப்பள்ளத்தாக்கில் கூடாரம் இன்றியும் நடக்கலாம். 2000களின் தொடக்கத்தில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பின் முயற்சியால் ஹோம்ஸ்டே எனப்படும் வீட்டுத் தங்கல் முறை இங்கு வளர்ந்தது. பட்டிக்குள் நுழையும் பனிச்சிறுத்தை ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடுவதுண்டு. ஆட்டையே செல்வமாகக் கொண்ட குடும்பம் அவ்விலங்கைக் கொல்ல முற்படுவது இயல்பு. பயணிகள் தங்குவதால் கிடைக்கும் வருவாய் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றது. பட்டிகளின் மேற்கூரையும் கம்பி வலையால் வலுப்படுத்தப்பட்டது.

இவ்வீடுகளில் வாற்கோதுமை மாவாலான உணவும், வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரும், தோட்டத்துக் கீரையும் பரிமாறப்படுகின்றன. நீரைப் பயன்படுத்தாத உலர் கழிப்பறைகளின் எரு வயலுக்கே திரும்புகின்றது. நிமாலிங்கில் வீடுகள் இல்லாமையால், அங்குக் கூடாரத்தில்தான் தங்க வேண்டும். ஆங்காங்கே பழைய இராணுவப் பாராசூட்டுத் துணியால் கூரை அமைத்த தேநீர்க் கடைகளும் உள்ளன.

கரிசல் நிலப்பகுதியிலிருந்து செல்வோர்

விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து புறப்படுவோர் தூத்துக்குடி அல்லது மதுரை வானூர்தி நிலையம் வழியாகச் சென்றால், முழுதும் ஒரு நாள் ஆவதற்குள் கடல் மட்டத்தை ஒட்டிய நிலத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்திற்குச் சென்றுவிடலாம். கோவில்பட்டி வழியாகச் செல்லும் திருக்குறள் விரைவு வண்டியில் தில்லிக்குச் சென்றாலும் உடல் உயரத்திற்குப் பழகுவதில்லை, ஏனெனில் தில்லியும் தாழ்நிலமே.

தமிழ்நாட்டின் மலைகளில் நடந்து பழகுவது கால்களையும் மூச்சையும் வலுப்படுத்தும். ஆயினும் அது உயரத்திற்குப் பழகுதல் ஆகாது. மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா (2,637 மீட்டர்) லே நகரைவிட 850 மீட்டருக்கும் மேல் தாழ்வானது.

நீரைப் பற்றிய பழக்க அறிவும் இங்கு மாறிவிடும். விளாத்திகுளத்தை அடுத்துப் பாயும் வைப்பாற்றில் நீர் வர மழை பெய்யவேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அவ்வாறு வடகிழக்குப் பருவமழையில் பெருகும். மார்க்கா ஆறோ வெயிலில் பெருகுகின்றது. தெளிந்த வானமும் நல்ல வெயிலும் உள்ள நாளில் பனி உருகி, பிற்பகலில் நீர்மட்டம் உயர்கின்றது. எனவே ஆற்றைக் கடக்கவேண்டிய இடங்களைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

வேலைக்குச் செல்வோர் பலர் ஒன்பது நாள் விடுமுறைக்குள் முழுப் பயணத்தையும் அடக்க முயல்கின்றனர். தென்தமிழகத்திலிருந்து போக்குவரத்து நாட்களையும், எதிர்பாராத ஒரு நாளையும் சேர்த்தால் வான்வழியில் செல்வோருக்கே பன்னிரண்டு நாட்கள் தேவைப்படும். அவ்வளவு விடுமுறை கிடைக்காதோர் மடாலயங்களுக்கான நாட்களைக் குறைப்பதற்கு மாறாக நடைப்பயணத்தைக் கைவிட்டு மடாலயங்களை மட்டும் கண்டு திரும்புதல் பாதுகாப்பானது.

சிக்கல்கள்

சாலைகள் பள்ளத்தாக்கினுள் நீண்டு வருவதால் நடக்கும் தூரம் ஆண்டுதோறும் குறைகின்றது. ஊர் மக்களுக்கு மருத்துவமனையும் பள்ளியும் சந்தையும் அருகில் வருவதால் அவர்கள் சாலையை வரவேற்கின்றனர். நடைப்பயணத்தை நம்பிய மட்டக்குதிரைக்காரர்களுக்கு அது வருவாய் இழப்பாகின்றது. மேலும், வாகனத்தில் விரைவாக மேலே செல்ல முடிவதால் உடல் பழகும் காலமும் சுருங்குகின்றது.

கோடையில் லே நகரின் நீர்த் தேவை பயணிகளால் வெகுவாக உயர்கின்றது. லேயை அடுத்துள்ள ஸ்டோக் காங்ரி சிகரத்தில் கூட்டம் மிகுந்து நீராதாரம் மாசடைந்தமையால், 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு அதனை மூட முடிவு செய்யப்பட்டது. அதன் விளைவாக, ஏறுவோர் பலர் காங் யாட்சே பக்கம் திரும்பினர். 2010 ஆகத்து மாதம் லே பகுதியில் நள்ளிரவில் ஏற்பட்ட மேகவெடிப்பும் சேற்று வெள்ளமும் இருநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. வறண்ட நிலத்திலும் ஓடைகளின் படுகையில் கூடாரம் அடிக்கலாகாது என்பது அதனால் பெற்ற பாடம்.

ஒத்த பயணங்கள்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் செல்வோர் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்து முக்திநாத்தை அடைகின்றனர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் இதுவே எனக் கருதப்படுவதால் தமிழ்நாட்டு வைணவர்களும் இங்கு வருகின்றனர். திபெத்தில் கயிலை மலையை வலம் வரும் பாதை ஏறத்தாழ 52 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் உச்சியான தோல்மா லா 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. 2020ஆம் ஆண்டு முதல் தடைப்பட்டிருந்த கயிலை மானசரோவர் யாத்திரை, 2025ஆம் ஆண்டில் இந்திய அரசால் மீண்டும் தொடங்கப்பட்டது. சுற்றுலாவாயினும் யாத்திரையாயினும் உறங்கும் உயரத்தைப் பற்றிய விதி ஒன்றே. வழியிலுள்ள ஊர்களிலும் வழிபாட்டிடங்களிலும் தங்கித் தங்கிச் செல்லும் பழைய யாத்திரை முறை, அவ்விதியைத் தானாகவே கடைப்பிடித்து வந்தது.